விளக்குப் பிசுக்கு எடுத்த கோடை

பல வருஷம் எண்ணெய் குடித்த விளக்கைக் கையில் எடுத்தால் எப்படி ஒட்டும் என்று நம் வயதுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் பிள்ளைகளுக்குத்தான் அது புரியாது. கறுப்பாக, தார் மாதிரி இருக்கும். நகத்தால் சுரண்டினால் சுருண்டுகொண்டு வரும். விளக்கெண்ணெய், நல்லெண்ணெய், இலுப்பெண்ணெய் எல்லாம் சேர்ந்து இறுகி, திரிக்கரியும் செத்த பூச்சியும் அதற்குள் புதைந்து கிடக்கும். ஆறாம் வகுப்பு முடிந்த கோடை முழுவதும் அந்தப் பிசுக்கை எடுப்பதுதான் எங்கள் வீட்டு வேலை. அதை ஒட்டி எங்கள் வீட்டில் விழுந்த அடியையும், அது கொண்டுபோய் விட்ட இடத்தையும் துண்டு துண்டாகச் சிலரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் ஆளுக்கொரு துண்டை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். முழுசாகச் சொல்வது இதுதான் முதல் தடவை.

காரைக்குடியில் எங்களுடையது சின்ன ஓட்டு வீடு. பின்னால் கொல்லையில் மூன்று பக்கம் சுவர், மேலே தகரம் என்று ஒரு கொட்டகை. அதுதான் அப்பாவின் பட்டறை. கொல்லை மண் மட்டத்தைவிட அதன் தரை ஒரு படி பள்ளமாக இருக்கும். ஒழுகும் ஸ்டவ், பெட்ரோமாக்ஸ், அண்டா, எது வந்தாலும் ஈயம் வைத்து ஒட்டித் தருவார். அந்தச் சமயத்தில் பெரிய வீடுகளைப் பிரித்து விற்பது எங்கள் பக்கம் தொடங்கியிருந்தது. தேக்குத் தூணும் நிலைக்கதவும் ஒரு பக்கம் போக, பித்தளைச் சாமான்கள் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. தண்டு ஆடும் குத்துவிளக்கு, அகல் கழன்ற தூக்குவிளக்கு எல்லாம் அங்கிருந்து எங்கள் கொட்டகைக்கு வரும்.

அப்பா குடிக்க மாட்டார். பீடி, சீட்டு எதுவும் கிடையாது. தெருவில் யாரைப் பார்த்தாலும் நின்று நலம் விசாரிப்பார். ஆனால் அம்மாவை அடிப்பார். நிதானத்தில், பட்டப்பகலில், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அடிப்பார். புருஷன் குடித்துவிட்டு அடித்தால் தெரு அம்மா பக்கம் நின்றிருக்கும். குடிக்காதவர் அடிக்கிறார் என்றால் இவள் என்ன செய்தாளோ என்றுதான் பேசினார்கள். அது எவ்வளவு பெரிய தப்புக் கணக்கு என்று இன்றைக்கு நமக்குத் தெரிகிறது.

அம்மாவின் தம்பி, என் மாமா, குன்றக்குடியில் இருந்தார். வேன் ஓட்டினார். அந்தச் சித்திரையில் கீழச்சிவல்பட்டிப் பக்கம் பிரித்த ஒரு பெரிய வீட்டின் விளக்குகளை அவர்தான் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். கூடவே பழம்பொருள் கடைக்காரரும் வந்தார். கொல்லையில் சாக்கு விரித்து விளக்குகளை இறக்கினார்கள். அவ்வளவு விளக்கை ஒரே இடத்தில் நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. அன்னம் வைத்தது, யாளி முகம் வைத்தது, என் உயரத்துக்கு நின்ற குத்துவிளக்கு. எல்லாவற்றின் மேலும் அந்தக் கறுப்புப் பிசுக்கு.

"கப்பல்ல ஏறப் போற சாமான். வாங்குற வெள்ளைக்காரரு ஊருக்குத் திரும்புறதுக்குள்ள முடிச்சுக் குடுத்துருங்க. சோடாவுல வேக வச்சுக்கிட்டு இருந்தா ஆகாது. பெட்ரோல்ல தொடச்சு எறிங்க" என்றார் கடைக்காரர். ஒரு கேனில் பெட்ரோலும் கொண்டுவந்திருந்தார்.

ஈயம் சுத்தமான பித்தளையில்தான் பிடிக்கும். துளி எண்ணெய் இருந்தாலும் சூட்டில் உருண்டு ஓடிவிடும். அதனால் ஒட்டுவதற்கு முன்னால் பிசுக்கு எடுக்கும் வேலை எப்போதும் அம்மாவுடையது. கிணற்றடியில் இரும்புக் கொப்பரையை ஏற்றி, சலவைச் சோடாவைக் கரைத்துக் காய்ச்சுவாள். விளக்குத் துண்டுகளைக் கம்பியில் கட்டி உள்ளே இறக்குவாள். நாங்கள் யாரும் கொப்பரைக்குப் பக்கத்தில் போகக்கூடாது. பிறகு தென்னை நாரால் தேய்த்து, வெந்நீரில் இரண்டு தரம் அலசுவாள். கடைசியாக ஒரு செம்புத் தண்ணீரை மேலே ஊற்றிப் பார்ப்பாள். தண்ணீர் சீராகப் படர்ந்து இறங்கினால் பிசுக்குப் போய்விட்டது. முத்து முத்தாக நின்றால் இன்னும் இருக்கிறது என்று மறுபடியும் கொப்பரைக்குள் இறக்குவாள். காய்ந்த துண்டை வெறும் கையால் தொடவிடமாட்டாள். விரலில் இருக்கும் எண்ணெயே போதும், ஒட்டு விட்டுப்போகும் என்பாள். சோடாவில் அவள் கை வெடித்துப் பாளம் பாளமாக இருக்கும். அன்றைய வேலை முடிகிற வரைக்கும் அந்தக் கைக்குத் தேங்காய் எண்ணெய்கூட வைத்துக்கொள்ள முடியாது.

பெட்ரோல் வந்ததும் கொப்பரையை ஓரங்கட்டினார் அப்பா. வெயிலுக்கு ஒதுங்கிக் கொட்டகைக்குள்ளேயே ஒரு பெரிய அலுமினியத் தட்டில் பெட்ரோலை ஊற்றி, அம்மாவைக் குந்தவைத்து விளக்குகளைத் துடைக்கச் சொன்னார். உண்மையில் வேலை ஓடியது. துணி பட்ட இடமெல்லாம் பளிச்சென்று வந்தது. எனக்கே அது பிடித்திருந்தது. மத்தியானத்துக்குள் அம்மா எழுந்து போய் கிணற்றடியில் வாந்தி எடுத்தாள்.

"நின்னா ஒண்ணும் தெரியல. குந்துனா மண்டையப் பிளக்குது. வாட முழுக்கக் கீழதாங்க கிடக்கு, பள்ளத்துல தண்ணி கிடக்குற மாதிரி. வெளிய வச்சுச் செய்யிறேனே" என்றாள்.

"வெளிய வச்சா பாதி காத்துல போயிரும். பெட்ரோல் என்ன கெணத்துத் தண்ணியா? உனக்கு வேல செய்ய ஒடம்பு வணங்கல. அதச் சொல்லு" என்றார் அப்பா.

அந்தக் கோடையின் முதல் அடி அதற்கு மறுநாள் விழுந்தது. பெட்ரோலில் துடைத்த தூக்குவிளக்கு ஒன்றில் அப்பா வைத்த ஒட்டு, கடைக்காரர் தூக்கிப் பார்த்தபோதே கழன்று அவர் கால்மேல் விழுந்தது. ஒரே தட்டுப் பெட்ரோலில் திரும்பத் திரும்பத் துடைத்தால் அந்தப் பெட்ரோலே எண்ணெயாகிவிடும், மேலே மெல்லிசாக ஒரு படலம் விட்டுவிட்டுத்தான் காயும். அம்மா அதை முந்தின நாளே சொல்லியிருந்தாள். கடைக்காரர் நொண்டிக்கொண்டே வாசல் தாண்டும் வரை அப்பா சிரித்த முகமாக இருந்தார். பிறகு திரும்பி வந்து, தரையில் கிடந்த தூக்குவிளக்குச் சங்கிலியை எடுத்து இரண்டாக மடித்தார்.

பித்தளைச் சங்கிலி முதுகில் விழும்போது வருகிற சத்தம் ஒரு மாதிரியானது. அடியின் சத்தமும் சங்கிலியின் சத்தமும் தனித்தனியாகக் கேட்கும். அம்மா கத்தவில்லை. கத்தினால் தெருவுக்குக் கேட்கும், பிறகு அதற்கும் சேர்த்து விழும். நான் கொட்டகை வாசலில் நின்று, "அப்பா, அப்பா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். என் தங்கை கொல்லைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டே பாவாடையை நனைத்துவிட்டாள். அடித்து முடித்ததும் அப்பா சங்கிலியை ஆணியில் தொங்கவிட்டார். அதில் ஒரு கண்ணி நெளிந்திருந்தது. குறடு எடுத்து அதை நிமிர்த்தினார்.

அம்மா அன்று சாயங்காலமே கொப்பரையை மறுபடி அடுப்பில் ஏற்றிவிட்டாள். கேட்காமல் ஏற்றினாள். சோடாவில் வெந்த விளக்குகளில் ஒட்டு கல் மாதிரி நின்றது. நின்றது நல்லதுதானே என்று நமக்குத் தோன்றும். அப்பாவுக்கு அது தாங்கவில்லை. ஒவ்வொரு ஒட்டும் நிற்க நிற்க அவர் முகம் கறுத்துக்கொண்டே போனது. கடைக்காரர் ஆள் அனுப்பி, எத்தனை முடிந்தது என்று கேட்ட ஒரு காலையில், அப்பா நேராகக் கிணற்றடிக்குப் போனார். கொதித்துக்கொண்டிருந்த கொப்பரையைக் காலால் எட்டி உதைத்தார்.

கொப்பரை அம்மா இருந்த பக்கமாகச் சாய்ந்தது. அவள் பின்னால் குதித்தாள். இருந்தாலும் இடது பாதம் முழுக்கச் சோடாத் தண்ணீர். வெந்நீர் சுடுவது ஒரு சூடு. சோடா சேர்ந்தால் அது தோலுக்குள் போய்த் தின்றுகொண்டே இருக்கும். அவள் தத்தித் தத்தி ஓடிப்போய்த் தொட்டிக்குள் காலைவிட்டுக்கொண்டு நின்றாள். நான் வாளி வாளியாக இறைத்து ஊற்றினேன். அப்பா, "பாத்தியா, இதான் உன் சோடா" என்றார். தான் உதைத்தது அதற்குள் அவருக்கு மறந்துவிட்டதா, இல்லை அப்படித்தான் நடந்தது என்றே நம்பினாரா, எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

இரண்டாவது லோடு இறக்க மாமா வந்தபோது அம்மாவின் காலில் வாழை இலை கட்டியிருந்தது. மாமா விளக்கை அப்படியே கீழே போட்டார்.

"என்னக்கா இது?"

"கொப்பர சாஞ்சிருச்சு."

"தானா சாஞ்சுச்சா?"

அம்மா காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். என் தங்கை, "அப்பா ஒதச்சாரு" என்றாள். மாமா கொட்டகைக்குள் போய் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டு வழியாகவே வாசலுக்கு வந்தார். தெருவில் வைத்துக் கன்னத்தில் ஓர் அறை விட்டார். அப்பாவின் உதடு கிழிந்தது.

"மச்சான்னு பாக்குறேன். இன்னொரு தடவ எங்கக்கா மேல உன் கை பட்டுச்சு, அந்தக் கைய முறிச்சு அடுப்புல வச்சுருவேன்."

தெருவே வேடிக்கை பார்த்தது. அப்பா ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, "வேல கிடக்கு மாப்ள, உள்ள வாங்க" என்றார். மாமா போனபிறகு கதவைச் சாத்தினார். அந்தத் தடவை சத்தம் வெளியே போகாமல் இருக்க அம்மாவின் வாயில் முந்தானையைத் திணித்தார். எனக்கு அன்றைக்கு மாமா ஒரு வீரர். அவர் தெருவில் அடித்த அடி எங்கள் வீட்டுக்குள் யார் மேல் இறங்கும் என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

தீப்பிடித்த அன்று கோடை மழை. காலையிலிருந்து வானம் மூட்டமாக இருந்து, மத்தியானம் சடசடவென்று கொட்டியது. கொல்லை அடுப்பு அணைந்துவிட்டது. மாலைக்குள் கடைக்காரர் வேன் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். மீதி இருந்தவை சின்னச் சின்ன அகல்களும் ஒரு பெரிய அன்னமும். அப்பா கேனைத் திறந்து தட்டு நிறைய ஊற்றினார். அம்மா புண் காலை நீட்டிக்கொண்டு தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள். மழைச் சாரலுக்காகத் திறந்த பக்கத்தில் தார்ப்பாய் இறக்கியிருந்தது. கொட்டகைக்குள் காற்றே இல்லை. தங்கை வீட்டுக்குள் தூங்கினாள். நான் தார்ப்பாய்க்கு வெளியே, கொட்டகையை ஒட்டி இறங்கிய வீட்டு இறவாரத்தில் நின்று, அம்மா துடைத்துத் தரும் அகல்களை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அப்பா எதிர் மூலையில் இருந்த வேலைப் பெஞ்சு அருகே போய் ஊதுவிளக்கை எடுத்தார். மண்ணெண்ணெயைப் பம்ப் அடித்துச் சீறும் தீயாக்குகிற விளக்கு அது. ஈயம் உருக்க அதைத்தான் வைத்திருந்தார்.

"செத்த இருங்க. இதப் பொருத்தாதீக. இந்தத் தட்ட மூடி வெளிய வச்சுட்டு வந்துர்றேன். தார்ப்பாயத் தூக்கிவிட்டு வாட போகட்டும்" என்றாள் அம்மா.

"அது எங்க இருக்கு, நான் எங்க இருக்கேன்? இங்குட்டு மூலைக்கும் அங்குட்டு மூலைக்கும் தீ நடந்தா வரும்?"

"கீழ குந்திப் பாருங்க, தெரியும்."

"வாய மூடு."

தீக்குச்சியை உரசினார். தீ நடந்து வரவில்லை. ஓடி வந்தது. நான் தார்ப்பாயின் இடைவெளியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் காலடியிலிருந்து தரையோடு தரையாக நீலமாக ஒன்று விரிந்து ஓடி, அம்மாவின் தட்டைத் தொட்டது. "புஃப்" என்று ஒரு சத்தம், பெரிய மிருகம் ஒன்று மூச்சுவிட்ட மாதிரி. தார்ப்பாய் வெளியே புடைத்து என் முகத்தில் அறைந்தது.

அம்மாவின் மடியில் பெட்ரோல் துணி. புடவையெல்லாம் பெட்ரோல். அப்பா கையால் தட்டைத் தள்ளப் பார்த்தார். அவருடைய இரண்டு கையிலும் தீப்பிடித்தது. பிறகு மூலையில் இருந்த வாளித் தண்ணீரைத் தூக்கித் தட்டின் மேல் வீசினார். பெட்ரோல் தண்ணீரில் அணையாது, மிதக்கும். தட்டிலிருந்த தீ முழுவதும் தண்ணீரோடு சேர்ந்து அம்மாவின் மேல் பாய்ந்தது. அந்த நிமிஷம்தான் அவள் கத்தினாள். அத்தனை வருஷமும் கத்தாமல் வைத்திருந்தது எல்லாம் சேர்ந்து வந்த மாதிரி ஒரு கத்தல். எரிந்துகொண்டே தார்ப்பாயைக் கிழித்துக்கொண்டு மழைக்குள் ஓடிவந்து கொல்லைச் சேற்றில் விழுந்து புரண்டாள். மழையிலும் இடுப்புக்குக் கீழே அணையவில்லை. கிணற்றடியில் ஊறிக் கிடந்த சாக்கை இழுத்து நான் அவள் மேல் போட்டு, சாக்கின் மேல் விழுந்தேன். பக்கத்து வீட்டு அத்தை சுவர் ஏறிக் குதித்து இன்னொரு சாக்கால் அமுக்கினாள். எரிந்த நைலக்ஸ் புடவை தோலோடு ஒட்டியிருந்தது. அந்த நாற்றத்தை நான் எழுதப்போவதில்லை.

பக்கத்து வீட்டு அத்தை, "பாவி, கொளுத்திட்டானே!" என்று கத்தினாள்.

அவளை நான் குறை சொல்லமாட்டேன். அவள் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் கத்தியிருப்பார்கள். ஆனால் அந்த ஒரு வார்த்தை வாசலைத் தாண்டியதும் தெரு முழுக்க உள்ளே வந்தது. இத்தனை வருஷம் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டும் கேட்காத மாதிரி இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நாளில் நியாயம் கேட்க வந்துவிட்டார்கள். அப்பா வெந்த கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றார். அவரை இழுத்துத் தெருவில் போட்டு மிதித்தார்கள். சைக்கிள் செயினால் ஒருவன், செருப்பால் ஒருத்தி, மாவு இடிக்கும் உலக்கையோடு ஒருவன். "இல்லங்க, இல்லங்க" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. நான், "எங்கப்பா பத்த வைக்கல, விளக்குலேருந்து ஓடிப் பிடிச்சுச்சு" என்று கத்தினேன். யாரோ என்னைத் தூக்கி ஓரமாக வைத்து, "பிள்ள பயத்துல உளறுது" என்றார்கள்.

அம்மாவை ஒரு டாக்சியில் ஏற்றிக்கொண்டு போனபிறகு மாமா வந்தார். எப்படித் தகவல் போனதோ தெரியாது. அப்பா அப்போது சாக்கடை ஓரத்தில் கிடந்தார். மாமா எதுவும் கேட்கவில்லை. கொட்டகைக்குள் போய், தகடு தட்டும் இரும்புப் பட்டடையையும் சுத்தியலையும் எடுத்துவந்தார். பட்டடையின் மேல் அப்பாவின் வலது கையை இழுத்து வைத்தார். தடுக்க ஒருவரும் வரவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன், காதை மூட மறந்துவிட்டேன்.

மதுரை ஆஸ்பத்திரியில் அம்மா பிழைப்பது கஷ்டம் என்றார்கள். அதனால் மாஜிஸ்திரேட் ஒருவர் வந்து வாக்குமூலம் வாங்கினார். கொசுவலை மாதிரி ஒரு துணிக் கூண்டுக்குள் அவளைப் படுக்கவைத்திருந்தார்கள். எல்லாரையும் வெளியே போகச் சொன்னார்கள். ஜன்னலுக்கு வெளியே வராந்தாவில் மாமாவும் நானும் நின்றோம். அம்மாவின் குரல் பலவீனமாக இருந்தாலும் தெளிவாகக் கேட்டது.

"உங்க மேல யாரும் தீ வச்சாங்களா?"

"இல்லங்கய்யா."

"பயப்படாமச் சொல்லுங்க. உங்க வீட்டுக்காரர் பெட்ரோல் ஊத்துனாரா?"

"தட்டுல ஊத்துனாரு. எம்மேல ஊத்தல. விளக்குப் பிசுக்கு எடுத்துக்கிட்டு இருந்தேன். ஊதுவிளக்கப் பொருத்தாதீகன்னு சொன்னேன், கேக்கல. தரையோட ஓடிவந்து பிடிச்சுக்கிருச்சு. அணைக்கணும்னுதான் தண்ணிய வீசுனாரு. அது தப்பாப் போச்சு."

மாமா ஜன்னல் கம்பியில் தலையை முட்டிக்கொண்டார். மாஜிஸ்திரேட் போனதும் உள்ளே ஓடினார்.

"ஒரு வார்த்த சொல்லிருந்தா அவன் வெளியவே வந்திருக்க மாட்டான்க்கா. ஒரே ஒரு வார்த்த!"

"அவுக வைக்கலடா. வச்சாருன்னு எப்படிச் சொல்ல?"

"உன்னையச் சங்கிலியால அடிச்சானே, கால வேக வச்சானே, அதச் சொன்னியா?"

"அத அவுக கேக்கல" என்றாள் அம்மா. பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்து பார்த்த ஒருவரும் அதையேதான் எழுதிக்கொடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். பெஞ்சின் காலடியிலிருந்து தட்டு இருந்த இடம் வரை தரையில் கரிந்த தடம் இருந்ததாம். போலீஸ் காவலில் வைத்திருந்த அப்பாவை விட்டுவிட்டார்கள். தன் கையை உடைத்த மாமாவின் மேல் அப்பா புகார் கொடுக்கவில்லை. தவறி விழுந்தேன் என்றே சாதித்தார். அதைப் பெருந்தன்மை என்றார்கள் சிலர். பயம் என்று நான் அப்போது நினைத்தேன். இப்போது இரண்டும் இல்லை என்று தோன்றுகிறது. அடி என்பது வெளியே சொல்லுகிற விஷயமே இல்லை என்று அவர் உண்மையிலேயே நம்பினார்.

அம்மா பிழைத்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இப்போது என்னோடுதான் இருக்கிறாள். இடுப்புக்குக் கீழே தோல் முழுக்கச் சுருங்கியிருக்கும், மழைக்காலத்தில் இழுக்கும். அப்பாவின் வலது கை கோணலாகவே ஒட்டிக்கொண்டது. இடது கையால் கொஞ்சகாலம் ஸ்டவ் ரிப்பேர் பார்த்தார். அந்த வீட்டிலேயே தனியாக இருந்து, சில வருஷங்களுக்கு முன்னால் இறந்தார். நாங்கள் குன்றக்குடியில் மாமா வீட்டில் இருந்தோம். அங்கும் ரொம்ப நாள் இருக்கவில்லை. ஒருநாள் மீன் குழம்பில் உப்புக் கூடிப்போனதற்கு மாமா சட்டியைத் தூக்கி அவர் மனைவி, எங்கள் அத்தையின் தலையில் அடித்தார். அக்காவுக்காக ஒருவனின் கையை உடைத்த அதே மனிதர்தான். அம்மா இலையை விட்டு எழுந்துபோய் இருவருக்கும் நடுவில் நின்றாள். மறுமாதம் ஓர் அறை வாடகைக்குப் பிடித்து எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். போகும்போது அத்தையையும் கூப்பிட்டாள். அத்தை வரவில்லை. அம்மாவுக்குச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை கிடைத்தது. நாங்கள் படித்தோம்.

ஆனால் நான் சொல்ல வந்தது, ஆஸ்பத்திரியிலிருந்து ஊர் திரும்பிய நாளைப் பற்றி.

மதுரை பஸ் காரைக்குடியில் வந்து நின்றபோது நல்ல வெயில். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். ஒரு பக்கம் மாமா, ஒரு பக்கம் நான். கீழே அப்பா நின்றுகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, கழுத்தில் தூளிகட்டிய மாவுக்கட்டுக் கை. இடது கையில் வாழை இலைப் பொட்டலத்தில் பூ. பின்னால் ஒரு ரிக்‌ஷாவைப் பிடித்து நிறுத்தியிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை. எனக்கு ஒரு நிமிஷம் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"வா. மெதுவா வா" என்றார். "நீ சொன்னத எல்லாஞ் சொன்னாக. இந்த மனசு யாருக்கு வரும்? என்னைய நீ விட்டுக்குடுக்க மாட்டன்னு எனக்குத் தெரியும்."

அம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"நீங்க தீ வைக்கலன்னு சொன்னேன். நல்லவருன்னு சொல்லல."

அவருக்குப் புரியவில்லை. பாதிச் சிரிப்போடு, "சரி சரி, வீட்ல போய்ப் பேசிக்குவோம். ஏறு" என்றார்.

"நான் வீட்டுக்கு வரல."

"பின்ன எங்க போற?"

"எங்கயோ போறேன். உங்ககூட வரல."

பஸ்ஸில் ஏற நின்ற சனம் திரும்பிப் பார்த்தது. அப்பாவின் முகத்தில் அந்தக் கறுப்பு ஏறியதை நான் பார்த்தேன். பூப்பொட்டலத்தோடு சேர்ந்தே அவருடைய இடது கை உயர்ந்தது. வலது கை மாவுக்கட்டில் இருந்ததால் இடது கை. மாமா பாய்ந்தார். அம்மா, "நீ சும்மா இரு" என்று அவர் மார்பில் கைவைத்துத் தள்ளினாள். தன் முகத்தை அவள் திருப்பவில்லை, கண்ணை மூடவும் இல்லை. உயர்ந்த கை அப்படியே நின்றது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொட்டலம் பிரிந்து பூ கீழே விழுந்தது.

"போலீஸ் ஸ்டேஷன் எந்தப் பக்கம்டா?" என்று மாமாவைக் கேட்டாள் அம்மா.

ரிக்‌ஷாவில் அம்மாவும் நானும் ஏறிக்கொண்டோம். மாமா கூடவே நடந்தார். ஸ்டேஷனில் எழுத்தர் மட்டும் இருந்தார். அம்மாவின் நிலையைப் பார்த்து அவரே எழுந்து நாற்காலி போட்டார். பஸ்ஸிலும் ரிக்‌ஷாவிலும் உட்கார்ந்து வந்ததே புண்ணாகிவிட்டது, இனி உட்கார முடியாது என்று அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்காரர் அடித்ததைப் புகாராகக் கொடுக்க வந்திருக்கிறேன் என்றாள்.

எழுத்தருக்கு எங்கள் சங்கதி தெரிந்திருந்தது. "ஏம்மா, அவரு மேல தப்பில்லன்னு நீயே மாஜிஸ்திரேட்கிட்ட சொல்லிட்ட. இப்ப வந்து அடிச்சாருங்குற. எத நம்புறது?"

"தீ வச்சது நடக்கல. அதனால நடக்கலன்னேன். அடிச்சது நடந்துச்சு. எழுதுங்கய்யா."

"உங்க தம்பி சொல்லிக் குடுத்தாரா?"

"இவரு தீ வச்சாருன்னு சொல்லத்தான் அவன் சொன்னான். நாந்தான் மாட்டேன்னுட்டேன்."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். எழுத்தர் ஒரு தாளை முன்னால் இழுத்து வைத்தார். பிறகு பேனா மூடியைத் திருகினார்.

"சரி. எப்ப அடிச்சாரு?"

கொப்பரையைப் பற்றிச் சொல்வாள், இல்லை சங்கிலியைப் பற்றிச் சொல்வாள் என்று நான் நினைத்தேன். அந்தக் கோடையில் என் கண்ணால் பார்த்த அடிகள் அவைதான்.

"மறுவீட்டுக்குப் போயிட்டு வந்த அன்னைக்கு" என்றாள் அம்மா. "பூக்காரி வந்தா. வாசல்ல நின்னு சிரிச்சுப் பேசுனேன். உள்ள கூப்புட்டுக் கதவச் சாத்துனாரு."

எழுத்தர் எழுத ஆரம்பித்தார். அம்மா ஒன்று முடிந்ததும் அடுத்ததைச் சொன்னாள். நான் வயிற்றில் இருந்தபோது விழுந்தது, தங்கை பிறந்த கையோடு விழுந்தது என்று வரிசையாக, குரல் ஏறாமல் இறங்காமல். மாமா வெளியே போய்விட்டார். அம்மாவின் காலில் கட்டு நனைந்து சிவப்பு ஊற ஆரம்பித்தது. எழுத்தர் பேனாவை நிறுத்தி, "மிச்சத்த நாளைக்கு வந்து சொல்றியாம்மா?" என்று கேட்டார்.

"இல்லங்கய்யா" என்றாள் அம்மா. "நிக்கிறேன். நீங்க எழுதுங்க."